நாரைப்பாக்கத்து ஏரியில் முன்னூற்றுப் பன்னிரண்டு கற்கள்

1974-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 9-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி நிலவரம் பின்வருமாறு: செங்கல்பட்டு வட்டத்தில், திருப்போரூருக்கு மேற்கே ஐந்து மைல் தொலைவிலுள்ள நாரைப்பாக்கம் கிராமத்துப் பெரிய ஏரியில் தண்ணீர் இல்லை. தண்ணீர் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளையடித்த கருங்கற்கள் முன்னூற்றுப் பன்னிரண்டு நடப்பட்டிருந்தன. அந்த ஏரியின் மதகைத் திறந்து வயல்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் விடும் நீர்க்கட்டி என்று கிராமக் கணக்கில் எழுதப்பட்டிருந்த சடையன், இறந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. முதற்செய்தி வானத்துக்குத் தெரியும். இரண்டாவது ஊருக்குத் தெரியும். மூன்றாவதை அரசாங்கத்துக்குத் தெரிவிக்கவேண்டிய கர்ணம் கங்காதரன், அதற்கு உகந்த நாளை இன்னும் தேடிக்கொண்டிருந்தார்.

சடையனை ஏரிக்கரையின் தென்கோடியில் புதைத்த மறுநாள் ஊர்ப் பெரியவர்கள் கூடி, "ஆளு கெடைக்கிற வரைக்கும் நீயே பாத்துக்கோ" என்று அவன் மனைவி சொர்ணத்திடம் சொன்னார்கள். யாரும் தேடாததால் ஆள் கிடைக்கவில்லை. மதகின் திருகுச் சாவி எட்டு ஆண்டுகளாகச் சொர்ணத்தின் இடுப்பிலேயே இருந்தது. பெண்பிள்ளையை நீர்க்கட்டி என்று எழுதப் படிவத்தில் இடமில்லை என்று கங்காதரன் கருதியதால், ஒவ்வோர் ஆண்டும் சடையன் என்ற பெயருக்கு நேரே சொர்ணத்தின் கைநாட்டு விழுந்தது. கைநாட்டில் ஆண் பெண் வேற்றுமை தெரியாது என்பது அவருடைய சட்ட அறிவின் உச்சம்.

சொர்ணத்துக்கு ஐம்பது வயது. ஊருக்குள் அவள் வாய்க்கு அஞ்சாதவர் இல்லை. ஏரியில் மட்டும் அவள் வாய் திறக்கமாட்டாள். தை மாதத்தில் ஏரி நிரம்பிக் கிடக்கும்போது, விடிந்ததும் மதகை இரண்டு திருகு திறந்துவிட்டு, கால்வாயில் தண்ணீர் இறங்கும் ஓசை சீராகும்வரை கரையில் குந்தியிருப்பாள். அவ்வேளையில் நாரைகள்கூட மரியாதையாக நடந்துகொள்ளும். கரைக்குக் கீழே எண்பது ஏக்கர் நெல். எவன் வயலுக்கு எத்தனை நாழிகை என்பது அவள் வைத்த முறை. மற்ற விஷயங்களில் அவள் சொல்லை ஒருவரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. தண்ணீரில் மட்டும் மணியக்காரரே அவள் முகத்தைப் பார்த்துத்தான் பேசவேண்டும். அந்த ஒன்றும் போனால், கணக்கிலும் இல்லாமல் கரையிலும் இல்லாமல் தான் யார் என்று அவளுக்கே விளங்காமற்போகும்.

அந்த ஒன்றையும் பறிக்கத்தான் லேக் வியூ நகர் என்ற மனைப்பிரிவு வந்தது.

அதைக் கொண்டுவந்தவர் மாம்பலத்து நரசிம்மன். அதற்கு முன் காலண்டர் அச்சடித்து விற்றவர். ஏரிக்கரை சாலையைத் தொடும் வடமுனையில் இரண்டு ஏக்கர் பட்டா நிலத்தை வாங்கி, எட்டு ஏக்கருக்குக் கல் நட்டார். மிச்சமிருந்த ஆறு ஏக்கர், கோடையில் தரையாகவும் மற்றக் காலங்களில் ஏரியாகவும் இருப்பது. நரசிம்மன் கோடையில் மட்டுமே வந்தவராதலால் அது அவருக்குத் தரையாகவே தெரிந்தது. காலண்டர்த் தொழிலில் மிஞ்சிப்போன படம் ஒன்றை விளம்பரத் தாளில் அச்சிட்டார்: நீல ஏரி, சிவப்புக் கூரை வீடு, இரண்டு அன்னப்பறவைகள். செங்கல்பட்டு மாவட்டத்தில் அன்னப்பறவையைக் கண்டவர் எவருமிலர். படத்தில் ஏரியும் வீடும் பக்கம்பக்கமாக இருந்தன. நாரைப்பாக்கத்தில் இரண்டும் ஒரே இடத்தில் அமைந்தன. அந்தச் சிறு வேறுபாட்டைக் குறிப்பிடத் தாளில் இடம் போதவில்லை.

ஊர்ப் பெரியவர்களுக்கு ஆளுக்கொரு மூலை மனை இனாம் என்று வாக்களித்திருந்தார். நூற்று நான்கு மனைகளில் மூலைகள் எத்தனை இருக்க முடியும் என்று ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. ஒவ்வொருவரும் தம் மூலையை மட்டும் எண்ணினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நரசிம்மன் ஒரு வேன் நிறையச் சென்னை ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார். சாமியானா போட்டு, சர்பத் கொடுத்து, கையை வீசிப் பேசினார்.

"பாருங்க சார், கிழக்கே மகாபலிபுரம் கடக்கரை. காத்து வருதா? கடல் காத்து. ஜன்னலத் தொறந்தா எதிர்க்க ஏரி!"

"கதவத் தொறந்தாலும் ஏரிதான் சாமி. அடுப்பாண்ட குந்தினாலும் ஏரிதான்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

சிரிப்பு எழுந்தது. நரசிம்மன் திரும்பிப் பார்த்தார். இடுப்பில் இரும்புச் சாவியுடன் சொர்ணம் நின்றிருந்தாள். வந்தவர்களில் கேசவன் என்பவர், சென்னையில் தபால் ஆபீசில் கடிதம் பிரிப்பவர், அதற்குள் பதினேழாம் நம்பர் மனையைக் காலால் அளந்து, பூஜை அறை எது, சமையலறை எது என்று செருப்பால் கோடு கிழித்திருந்தார். ஆறு மாதத் தவணை கட்டியவர். அவர் கவலையோடு அருகில் வந்தார்.

"ஏம்மா, மழைக்காலத்துல இங்க தண்ணி நிக்குமா?"

"நிக்காதுங்க."

கேசவன் பெருமூச்சு விட்டார்.

"நிக்காது. ஐப்பசிலேருந்து மாசி வரைக்கும் படுத்துகினு இருக்கும்."

நரசிம்மன் அவளைக் கையோடு சாமியானாவுக்குப் பின்னால் அழைத்துச் சென்றார். வாயுள்ளவர்களை விரட்டக்கூடாது, வேலைக்கு வைத்துக்கொள்ளவேண்டும் என்பது அவர் தொழிலில் கற்ற பாடம். வேனின் பின்பக்கத்திலிருந்து ஒரு காக்கிச் சட்டையையும் ஒரு விசிலையும் எடுத்தார். சட்டை ஏதோ பஸ் டெப்போவில் ஏலத்துக்கு வந்தது; பித்தளை நம்பர்கூட அதில் இருந்தது.

"இன்னைலேருந்து நீதான் நகருக்கு வாட்ச்மேன். மாசச் சம்பளம். என்ன?"

"நான் நீர்க்கட்டி சாமி."

"அது இந்த வருஷத்தோட முடிஞ்சுது. ஆவணியில மதகுக்குப் பக்கத்துலயே கரைய வெட்டி விட்டுடுவோம். வர்ற தண்ணி தங்காம ஓடிடும். அப்புறம் மதகுல உனக்கு என்ன வேலை? எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. கல்லு. ஒரு கல்லக்கூட ஒருத்தரும் தொடக்கூடாது, அசைக்கக்கூடாது, பிடுங்கக்கூடாது. அடுத்த வாரம் நான் வரமாட்டேன். இருபத்து மூணாந்தேதி எல்லாருக்கும் பத்திரம். அன்னைக்கு எண்ணிப் பாப்பேன்."

"முன்னூத்திப் பன்னண்டும் நட்டது நட்டாப்பல இருந்தா போதுமா?"

"போதும்."

சொர்ணம் சட்டையை வாங்கிக்கொண்டாள்.

அன்று பிற்பகல் அவள் கர்ணம் கங்காதரன் வீட்டுக்குப் போனாள். அவர் கூடத்துச் சுவரில் லேக் வியூ நகரின் வரைபடம் மாட்டியிருந்தது. நுழைவாயிலை ஒட்டிய முதல் நம்பர் மனையைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். அவள் பார்வை போன இடத்தைப் பார்த்த கங்காதரன், நாற்காலியை நகர்த்தி வட்டத்தை முதுகால் மறைத்தார்.

"கணக்குப்பிள்ளே, ஆவணில கரைய வெட்டப் போறானாம். எம்பது ஏக்கரும் காஞ்சிப் போவும். நீங்க பாத்துகினு கீறீங்களா, எழுதிகினு கீறீங்களா?"

"ஏம்மே, மனு குடுக்கணும்னா அதுக்கு ஒரு பதவி, ஹோதா வேணும். நீ இன்னா ஹோதாவுல குடுப்ப?"

"நீர்க்கட்டி."

"நீர்க்கட்டி சடையன்னு இல்ல கணக்குல கீது? அவன் வந்து சொல்லட்டும், எழுதிக்கிறேன்."

"அவரு வந்தா மொதல்ல உங்களத்தான் பாக்கணும்பாரு."

கங்காதரனுக்கு வெற்றிலை புரையேறியது. தண்ணீர் குடித்துவிட்டுக் குரலைத் தணித்தார். "இதோ பாரு சொர்ணம், கல்லப் புடுங்கிடலாம்னு ஏதாச்சும் ரோசன வெச்சிருந்தா விட்டுடு. கல்லு அந்தாளு சொத்து. தொட்டா கேஸு."

"கல்லு அவுருது. மண்ணு?"

"மண்ணு சர்க்காருது" என்றார் கங்காதரன், அடுத்த வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே. எட்டு ஆண்டுகளில் அவர் யோசிக்காமல் சொன்ன உண்மை அது ஒன்றுதான்.

சொர்ணம் வழியெல்லாம் அந்தப் பதிலையே மென்றுகொண்டு வந்தாள்.

நாரைப்பாக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஏரி வற்றியபின், ஆனி மாதம் முதல் திங்கட்கிழமை, ஏரிப் பாசனக்காரர்கள் எல்லாரும் வண்டி கட்டி வந்து ஏரியின் அடியிலுள்ள வண்டல் மண்ணைத் தங்கள் வயலுக்கு வாரிக்கொண்டு போவார்கள். எரு வாங்கக் காசு செலவழிக்காமல் நெல் விளைவது அதனால்தான். எங்கே வாருவது என்பதை நீர்க்கட்டி முடிவுசெய்வான்: அன்று விடியும்போது ஏரிக்குள் இறங்கி நான்கு நொச்சிக் கொம்புகளை ஊன்றுவான். கொம்புகளுக்கு உள்ளே வெட்டலாம், வெளியே வெட்டக்கூடாது. ஏன் இங்கே என்று யாரும் கேட்பதில்லை. கேட்டுக்கொண்டு நிற்பவனுக்கு முன்னால் பக்கத்து வயல்காரனின் வண்டி நல்ல மண்ணை ஏற்றிவிடும். கேள்விக்கு நேரமில்லாத வழக்கமாகையால் அது மூன்று தலைமுறையாக மாறாமலிருந்தது.

நொச்சி ஊன்றும் இடத்தைச் சடையன் ஆண்டுக்காண்டு மாற்றுவான், சொர்ணமும் மாற்றினாள். வடமுனையில் மட்டும் அவள் இதுவரை ஊன்றவில்லை. எட்டு ஆண்டு மழையும் கொண்டுவந்து சேர்த்த வண்டல் அங்கே கறுப்பு அல்வாவைப்போல் உறங்கியது. அதன் மேல்தான் நரசிம்மன் நாற்பதடிச் சாலையும், பூங்காவும், முதல் இரண்டு தெருக்களும் போட்டிருந்தார்.

பயம் அவளுக்கு இல்லாமலில்லை. கொம்பை ஊன்றியபின் பெரியவர்கள், "நீ யாரும்மே நொச்சி ஊனறதுக்கு?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். அதற்குப் பதில் எந்த ஏட்டிலும் இல்லை. சாவியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். ஆனால் கரையை வெட்டினாலும் அதே கதிதான். எப்படியும் போகப்போகிற சாவி, ஒரு வேலை செய்துவிட்டாவது போகட்டும் என்று அவள் தீர்மானித்தாள்.

வெள்ளிக்கிழமை மதார் சாகிப் வந்தார். திருப்போரூரில் வாடகை வண்டிகள் வைத்திருப்பவர். அந்தக் கற்களை ஏற்றி வந்து நட்டவர் அவரே. உடைந்த இரண்டு கற்களுக்கு மாற்றுக் கல் இறக்கிக்கொண்டிருந்தவரைச் சொர்ணம் காக்கிச் சட்டையுடன் அணுகினாள்.

"அட, இன்னா தங்கச்சி, போலீசா? நான் ஒண்ணியும் பண்ணலியே!"

"பாயண்ணே, கல்லு எத்தினி அடி உள்ள கீது?"

"ஒண்ணர அடி."

"சுத்திவர ஒரு முழம் மண்ண வுட்டுட்டு மிச்சத்த எடுத்துட்டா, நிக்குமா வுழுமா?"

மதார் சாகிப் அவளைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், ஏரியைப் பார்த்தார். அன்றைய தேதியை விரலில் எண்ணிப் பார்த்தார். பிறகு சிரித்த சிரிப்பில் மாடு மிரண்டது.

"களிமண்ணு தங்கச்சி. செவுராட்டம் நிக்கும். இன்னாத்துக்குக் கேக்குற?"

"வாட்ச்மேனாச்சே. கல்லுக்கு ஒண்ணியும் ஆவக்கூடாது பாரு."

"திங்கக்கெழம எனக்கு வண்டி ஒண்ணும் வாடகைக்குப் போவல. ஊர்க்காரங்களுக்கு வண்டி பத்தலன்னா சொல்லி அனுப்பு. வடக்குப் பக்கத்து மண்ணு இந்த வருசம் தங்கமா கீதுன்னு நாலு பேர் காதுல போட்டு வெக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, நாஸ்தாவுக்கு நேரமாகிறதென்று வண்டியில் ஏறினார்.

ஜூன் 17, திங்கட்கிழமை. விடியும்போது பாசனக்காரர்களின் வண்டிகள் கரையில் வரிசைகட்டி நின்றன. சொர்ணம் காக்கிச் சட்டையைப் புடவைக்குமேல் மாட்டி, நொச்சிக் கொம்புகளைத் தோளில் வைத்துக்கொண்டு ஏரிக்குள் இறங்கினாள். முதற் கொம்பைப் பெயர்ப்பலகையின் காலடியில் ஊன்றினாள். இரண்டாவதைப் பூங்காவின் கோடியில் ஊன்றினாள். மூன்றாவதும் நான்காவதும் இரண்டாம் தெருவின் இருமுனைகளிலும் போய் நின்றன. மூலை மனைக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாராவது ஒருவர் வாய் திறந்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

யாரும் வாயைத் திறக்கவில்லை. ஒருவன் வண்டியை ஓட்டினான். கூட்டத்தின் பின்னாலிருந்த அவன், முன்னாலிருப்பவர்களின் தயக்கத்தைக் கண்டு, இதுவே சமயமென்று மாட்டின் வாலை முறுக்கி எல்லாருக்கும் முன்பாகக் கரையிறங்கினான். அது கர்ணம் கங்காதரனுடைய வண்டி. கர்ணத்தின் வண்டி இறங்கியபின் சட்டம் இறங்கிவிட்டது என்று பொருள். மற்ற வண்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு பாய்ந்தன.

ஆறு நாள் வெட்டினார்கள். மண் தங்கமென்ற சேதி பரவி, பக்கத்து ஊரான தண்டலத்து வண்டிகளும் வந்தன. நாற்பதடிச் சாலை முதல் நாளே போயிற்று. பூங்கா இரண்டாம் நாள். மூலை மனை வாக்குப் பெற்ற பெரியவர்கள் அவரவர் மூலையை அவரவரே வெட்டினார்கள். தம் மூலையின் மண்ணை அடுத்தவன் எடுத்துப்போக விட எவருக்கும் மனம் வரவில்லை. சொர்ணம் விசிலும் வாயுமாக ஓடிக்கொண்டிருந்தாள். கல்லிலிருந்து ஒரு முழத்துக்குள் மண்வெட்டி வந்தால் விசில் கிழியும்.

"யோவ்! கல்ல ஒட்டி வெட்டாத! அது பட்டணத்துக்காரரு சொத்து! ஒரு கல்லு சாஞ்சுது, நான் பொல்லாதவளா ஆயிடுவேன்!"

"சரி சரி, கத்தாதம்மே. பேஜாரா கீது உன்னோட."

சனிக்கிழமை மாலை வேலை முடிந்தது. எழுபத்து மூன்று கற்கள், இடுப்பளவு உயரமுள்ள மண்தூண்களின் உச்சியில், நட்டது நட்டபடி, வெள்ளை வெளேரென்று நின்றன. மிச்சம் தரையிலேயே இருந்தன. தூரத்திலிருந்து பார்த்தால், பந்தி முடிந்தபின் எவரோ குட்டைத் தூண்களின் மேல் உப்புக்கட்டி வைத்துவிட்டுப் போனதுபோல் இருந்தது.

இருபத்து மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வேன் வந்து பெயர்ப்பலகையருகே நின்றது. அதற்கு மேல் போக வழியில்லை. அங்கே சாலை இருந்த நினைவு மட்டும் இருந்தது. பத்திரக் கட்டுகளோடு இறங்கிய நரசிம்மன் பள்ளத்தை எட்டிப் பார்த்தார். காக்கிச் சட்டையில் சொர்ணம் வந்து சலாம் வைத்தாள்.

"என்ன... என்னது இது?"

"கல்லுங்க சாமி. முன்னூத்திப் பன்னண்டும் கீது. ஒருத்தர் தொடல, அசைக்கல, புடுங்கல. எண்ணிக்கோங்க."

"நிலம் எங்கடி?"

"அத்த யாரும் பாத்துக்கச் சொல்லலியே."

கேசவன் பள்ளத்தின் விளிம்பில் குனிந்து பார்த்தார். பதினேழாம் நம்பர் மனையின் நான்கு கற்களும் நான்கு தூண்களின்மேல் இருந்தன. அவர் செருப்பால் வரைந்த பூஜை அறை, யாருடைய வயலிலோ நாற்றுக்கு எருவாகியிருந்தது. பள்ளத்தின் சுவரில் நத்தை ஓடுகளும், மக்கிய ஆம்பல் தண்டுகளும் அடுக்கடுக்காகத் தெரிந்தன. அவர் ஒரு நத்தை ஓட்டைப் பெயர்த்து உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"சார்," என்றார் நரசிம்மனிடம், மிகவும் பணிவாக, "இது ஏரியா?"

நரசிம்மன், தரையை நிரப்பிவிடலாம், ஒரே வாரம், லாரி மண் என்றெல்லாம் பேசினார். கேசவன் நத்தை ஓட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேனில் ஏறினார். மறுநாளே நாற்பத்தொரு பேர் கையெழுத்திட்ட மனு மேலிடத்துக்குப் போயிற்று. தபால் ஆபீசில் வேலை செய்பவர் போட்ட தபாலாகையால் அது உடனே போய்ச் சேர்ந்தது.

நரசிம்மனும் சும்மா இருக்கவில்லை. நொச்சி ஊன்றியவரைக் கைதுசெய்யவேண்டும் என்று பதில் மனு கொடுத்தார். விசாரணை முடியும்வரை மதகுச் சாவியைக் கங்காதரன் கைப்பற்றினார். தம் வண்டிதான் முதலில் இறங்கியது என்பதை அவர் அதற்குள் மறந்திருந்தார். இடுப்பில் சாவியில்லாமல் சொர்ணம் ஒரு மாதம் நடந்தாள். எடை குறைந்ததால் நடை சரியாக வரவில்லை. ஏரிக்கரைப் பக்கமே அவள் போகவில்லை. சாவியில்லாமல் அங்கே குந்தியிருக்கத் தனக்கு என்ன உரிமை என்று தோன்றியது.

ஜூலை 22, திங்கட்கிழமை, விசாரணை அதிகாரி ஜீப்பில் வந்து கிராமச் சாவடியில் அமர்ந்தார். நல்ல மனிதர், மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடவேண்டும் என்பதைத் தவிர அவருக்கு எந்தப் பட்சபாதமும் இல்லை.

"கர்ணம், அந்த ஆறு ஏக்கர் ஏரியா, மனையா? ஒரே வார்த்தையில் சொல்லும்."

கங்காதரன் எழுந்து நின்றார். "கணக்குப்படி ஏரிங்க. லேஅவுட்டுப்படி மனைங்க. இப்போதைக்குப் பள்ளங்க."

"சரி. வண்டல் எடுக்கும் இடத்தை யார் குறிப்பது?"

"நீர்க்கட்டிதான். அது மாமூல்."

"அப்படியானால் நொச்சியை ஊன்றியது நீர்க்கட்டி. பெயர்?"

கங்காதரனின் நெற்றியில் வேர்வை அரும்பியது. சொர்ணம் என்று சொன்னால், சடையன் என்ன ஆனான் என்ற கேள்வி வரும். சடையன் இறந்தான் என்றால், எட்டு ஆண்டுகளாகக் கைநாட்டு வைத்தது யார் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பின்னால் கர்ண உத்தியோகம் இராது. நரசிம்மன் கைகாட்டி, "அதோ, அந்தப் பொம்பளைதான்!" என்று கத்தினார்.

"அந்தம்மா இல்லீங்க" என்றார் கங்காதரன், வாழ்நாளிலேயே முதன்முறையாகச் சொர்ணத்துக்காகப் பரிந்து. "பொம்பளைங்க நீர்க்கட்டியா இருக்கப் படிவத்துல எடமே இல்ல. நீர்க்கட்டி பேரு சடையன். இதோ, போன வருசத்துக் கைநாட்டு."

அதிகாரி ஏட்டைப் பார்த்தார். கைநாட்டு தெளிவாக இருந்தது. டவாலிச் சேவகன் வாசலுக்குப் போய்க் கூவினான்: "சடையன்! சடையன்! சடையன்!"

யாரும் வரவில்லை. அதிகாரி சொர்ணத்தைப் பார்த்தார்.

"நீ யார்?"

"அவரு சம்சாரம் சாமி."

"சடையன் எங்கே?"

"ஏரிக்கர மேலதான் கீறாரு. தெக்குக் கோடில."

"போய் அழைத்து வா."

"கூப்ட்டா வரமாட்டாரு சாமி. எட்டு வருசமா நானுந்தான் கூப்ட்டுகினு கீறேன்."

சாவடியில் ஒருவரும் சிரிக்கவில்லை. வாசலில் நின்றிருந்த மதார் சாகிப் மட்டும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதிகாரி சொர்ணத்தின் நெற்றியைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், கர்ணத்தின் வேர்வையைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்திருக்கும். புரிந்ததை எழுதினால் இன்னும் நான்கு விசாரணைகள் நடத்தவேண்டும். பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டு, "மேற்படி நபர் ஒத்துழைக்கவில்லை என்று எழுதிக்கொள்" என்றார் குமாஸ்தாவிடம்.

ஆகஸ்டு 12-ஆம் தேதியிட்ட உத்தரவு சாவடியில் ஒட்டப்பட்டது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குப் படித்துச் சொன்னார்கள். இறுதியாக முடிவு செய்யப்பட்டவை இவை. சாலை இல்லாமையாலும் தரை பள்ளமாக இருப்பதாலும் லேக் வியூ நகரின் மனைப்பிரிவு ரத்து செய்யப்பட்டது. அந்த இடம் ஏரியா என்பதை இப்போது முடிவு செய்யவேண்டிய அவசியம் எழவில்லை. தவணை கட்டியவர்களுக்கு நரசிம்மன் ஆறு மாதத்துக்குள் பணத்தைத் திருப்பித் தரவேண்டும். அவர் அதற்குள் வேறோர் ஊரில், வேறோர் ஏரிக்கருகில், அதே அன்னப்பறவைகளுடன் கல் நடத் தொடங்கியிருந்ததால் இக்கூறு எப்போது நிறைவேறும் என்று தெரியவில்லை. முன்னூற்றுப் பன்னிரண்டு கற்களும், உபரித் தண்ணீர் வழியும் கலங்கலின் சுவரைப் பழுதுபார்க்கப் பயன்படுத்தப்பட வேண்டும். கரையை வெட்டக்கூடாது. மும்முறை அழைத்தும் வராத குற்றத்துக்காக நீர்க்கட்டி சடையன் பணியிலிருந்து நீக்கப்படுகிறார். அவருக்குப் பதிலாக, மறு உத்தரவு வரும்வரை, அவருடைய மனைவி சொர்ணம் தற்காலிக நீர்க்கட்டியாகக் கணக்கில் எழுதப்படவேண்டும். மதகுச் சாவியைக் கர்ணம் அவரிடம் அன்றே ஒப்படைத்து, கைநாட்டுப் பெற்றுக்கொள்ளவேண்டும்.